ஆண்டுக் கூட்டத்துக்குப் பழைய கொட்டகையா, கடலோர ஓட்டலா, கல்யாண மண்டபமா? குமரி மாவட்ட நிறுவனங்களுக்கு ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் ஆண்டு விற்பனையாளர் கூட்டத்துக்கு இடம் பார்க்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு ஆகிய ஆறு வட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் வரவிருந்தார்கள். முற்பகலில் ஆண்டறிக்கை, புதிய பொருள்களைக் காட்டும் ஒரு குறும்படம், பரிசளிப்பு. பிற்பகலில் வட்டவாரியாகப் பிரிந்து உட்கார்ந்து கலந்துரையாடல். இடையில் மதிய உணவு. இதுதான் நிகழ்ச்சி நிரல். நிர்வாகக் குழுவில் மூன்று யோசனைகள் எழுந்தன. இளையவர்கள் கன்னியாகுமரியில் கடலைப் பார்த்திருக்கும் ஓட்டல் ஒன்றைச் சொன்னார்கள். கணக்குப் பிரிவினர் வழக்கமான கல்யாண மண்டபத்தைச் சொன்னார்கள். குழுவிலேயே மூத்தவர், நகருக்குள் இன்றும் படம் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஒற்றைத் திரையரங்கைச் சொன்னார். அவருடைய சிறுவயதில் அந்த மேடையில் நாடகம் நடந்திருக்கிறது. மூன்று இடங்களுக்கும் அளவு நாடாவையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு நேரில் சென்று பார்த்துவிட்டு நான் எழுதிக் கொடுத்த குறிப்பின் விரிவே இக்கட்டுரை. இதே கேள்வியோடு இருக்கும் பிற நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பெரியவரின் யோசனையை வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. நாஞ்சில் நாட்டில் நாடகக் கொட்டகைக்கு ஓர் இடம் உண்டு. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனாக இருந்து டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடிகராக உயர்ந்தவர். நாடகம் நடந்த கொட்டகைகள் பல பின்னாளில் மேடையின் மேல் திரையைக் கட்டிப் படம் காட்டத் தொடங்கின. அதனால்தான் பழைய அரங்குகள் சிலவற்றில் திரைக்கு முன்னால் இன்றும் அகலமான மேடை இருக்கிறது. விற்பனையாளர்களில் பாதிப்பேராவது அங்கே படம் பார்த்திருப்பார்கள். தான் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த அரங்கின் மேடையில் ஏறிப் பரிசு வாங்குவது ஒரு சிறுகடைக்காரருக்கு எத்தகைய அனுபவம் என்பதை எந்த ஓட்டலாலும் தர முடியாது. ஆனால் உணர்ச்சியை மட்டும் நம்பி முந்நூறு பேரை ஒரு கட்டடத்துக்குள் அழைத்துச் செல்லவும் கூடாது.

பழமையான அரங்கு என்று சொல்லும்போது மூன்று வகைகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. முதலாவது, பாதுகாக்கப்படும் நினைவுச்சின்னம். பத்மநாபபுரம் அரண்மனையில் திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னரின் விருப்பப்படி கட்டப்பட்ட நாடகசாலை, கருங்கல் தூண்களும் கண்ணாடிபோல் பளபளக்கும் கருந்தரையும் அரச குடும்பத்துப் பெண்கள் மறைந்திருந்து பார்ப்பதற்கான மரத் தடுப்பும் கொண்டது. நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள அந்த அரண்மனையை வெளியூர் விருந்தினருக்குச் சுற்றிக் காட்டலாம்; அதுவும் திங்கட்கிழமை விடுமுறை. அதற்கு மேல் எதையும் நினைப்பது சரியன்று. இரண்டாவது வகை, அரசுப் பொறுப்பில் உள்ள பொது மன்றம். நமக்கு மிக அருகில் இருப்பது திருவனந்தபுரத்தில் 1896-இல் திறக்கப்பட்ட விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால். 2019 முதல் அதற்கு அய்யன்காளி மன்றம் என்று பெயர். திருவிதாங்கூர் மக்களின் பிரதிநிதிகள் அவையான ஸ்ரீமூலம் பிரஜா சபை அங்கேதான் கூடியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன் இந்த மாவட்டமும் திருவிதாங்கூரின் பகுதிதான் என்பதால், நம் முன்னோர்களின் குறைகளும் அந்த மன்றத்தில் பேசப்பட்டிருக்கின்றன. ஆயினும் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் என்பதும், பாலராமபுரம் வழியிலான நெரிசலும் காலை 9 மணிக் கூட்டத்துக்கு அதை ஒவ்வாததாக்குகின்றன. மூன்றாவது வகை, தனியாருக்குச் சொந்தமான பழைய திரையரங்கு. உண்மையில் நாம் வாடகைக்கு எடுக்கக்கூடியது இதுவே. இனி வரும் ஒப்பீடு முழுவதும் இதைப் பற்றியது.

ஒப்பீட்டை வாடகையிலிருந்து தொடங்குவதே வழக்கம். நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கினேன்: வருகிறவர்கள் அங்கே கேட்கப்போகிறார்களா, பேசப்போகிறார்களா? திரையரங்கு என்பது எல்லோரும் ஒரே திசையில் பார்த்து ஒன்றாகக் கேட்பதற்காகக் கட்டப்பட்ட இடம். இருக்கைகள் தரையோடு பொருத்தப்பட்டவை. திருப்ப முடியாது, மேசை போட முடியாது, பின்னால் இருப்பவர் முகம் தெரியாது. ஆகவே கேட்கும் கூட்டத்துக்கு அதற்கு நிகரான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை என்பதும், பேசும் கூட்டத்துக்கு அதைவிடப் பொருந்தாத இடம் இல்லை என்பதும் ஒருங்கே உண்மை. எங்கள் நிகழ்ச்சி நிரலில் இரண்டும் இருந்தன. சிக்கலும் தீர்வும் அங்கேதான் கிடைத்தன.

கேட்பதற்கு ஏன் நிகரில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திரையரங்கின் தரை பின்னோக்கி உயர்ந்து செல்லும்; அதனால் முன்வரிசைக்காரரின் தலை பின்வரிசைக்காரரின் பார்வையை மறைப்பதில்லை. ஓட்டல் அரங்கிலும் மண்டபத்திலும் தரை சமமானது. கூரையும் தாழ்வாக இருந்துவிட்டால் திரையை உயர்த்திக் கட்ட வழியில்லாமல், அதன் கீழ்ப்பாதி பதினைந்தாவது வரிசைக்கு அப்பால் தெரிவதே இல்லை. நான் பார்த்த ஓட்டல் அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தபோது, விற்பனை அட்டவணையின் மேல் மூன்று வரிகள் மட்டுமே தெரிந்தன. திரையரங்கில் அதே அட்டவணை பால்கனியின் கடைசி இருக்கையிலிருந்தும் முழுமையாகத் தெரிந்தது. வெளிச்சமும் அப்படித்தான். மண்டபத்தின் சன்னல்களையெல்லாம் மூடினாலும் பகலில் படம் வெளுத்துப்போகும். திரையரங்கு இருட்டுக்காகவே கட்டப்பட்டது.

ஒலியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. நல்ல ஒலிக்கருவி இருக்கிறது என்று உரிமையாளர் சொன்னால் அது படத்துக்கு நல்லது என்றுதான் பொருள். திரையரங்கின் முதன்மை ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. நுண்துளைகள் இடப்பட்ட திரையின் வழியாக ஒலி வெளியே வருகிறது. பேச்சாளரோ திரைக்கு முன்னால், அந்த ஒலிபெருக்கிகளின் வாய்க்கு நேராக, கையில் மைக்குடன் நிற்கிறார். மைக் ஒலி மீண்டும் மைக்கிலேயே விழுந்து ஊளையிடத் தொடங்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் தலைவரின் வரவேற்புரை முழுவதும் இவ்வாறு பாழானது. யாரும் முந்தைய நாள் சோதித்துப் பார்க்கவில்லை. மேடையின் இரு ஓரங்களிலும், பேச்சாளர் நிற்கும் இடத்துக்கு முன்னதாக, பேச்சுக்கென்று தனி ஒலிபெருக்கிகளை வைத்து, அரங்கின் ஒலியமைப்பைக் குறும்படத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை வராது. உள்ளூர் மைக் செட்காரரே இதைச் செய்துவிடுவார். அந்தச் செலவை முதலிலேயே வாடகையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

படம் காட்டுவதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. திரையரங்கின் டிஜிட்டல் புரொஜெக்டர், திரையரங்குகளுக்கு டிஜிட்டல் முறையில் படம் வழங்கும் க்யூப் போன்ற சேவை நிறுவனங்களின் கருவியில் ஏற்றப்பட்ட கோப்பை ஓட்டுவதற்கானது. நாம் பென் டிரைவில் கொண்டுபோகும் கோப்பை அப்படியே அதில் ஓட்ட முடியும் என்று நினைக்கக் கூடாது. திரையரங்குக்குரிய வடிவத்துக்கு மாற்றி, இரண்டு மூன்று நாள்கள் முன்பே கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அல்லது மடிக்கணினியை நேரடியாக இணைக்கும் வசதி கேபினில், அதாவது புரொஜெக்டர் அறையில், இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கருவி சேவை நிறுவனம் நிறுவியதாக இருந்தால், அதில் வேறு இணைப்புகளைச் செருக உரிமையாளருக்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம். நான் சென்ற அரங்கின் ஆபரேட்டர் முப்பது ஆண்டுகளாக அந்தக் கேபினில் இருப்பவர், இவற்றையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டு, "லேம்ப அணச்சா உடனே கத்தாது சார், சூடு ஆறணும், சாயா குடிக்கப் போறப்ப அணைக்கச் சொல்லாதீங்க" என்றார். விளக்கு எரிவதைக் கத்துவது என்று சொல்லும் நம் மேற்குப் பகுதிப் பேச்சில் அவர் சொன்ன அந்த ஒரு வரி, கூட்டத்தின் நடுவில் கால் மணி நேரம் வீணாகாமல் காத்தது. இடைவேளையில் விளக்கை அணைக்காமல் ஒளியை மட்டும் மறைத்து வைக்க அங்கே வழி இருக்கிறது.

மேடையின் ஆழத்தை நாடா வைத்து அளந்து பார்க்க வேண்டும். நாடகக் காலத்து அரங்கானால் பத்துப்பேர் நாற்காலி போட்டு உட்காரும் மேடை இருக்கும். பிற்காலத்தில் படத்துக்காகவே கட்டப்பட்டதானால், திரைக்கு முன்னால் நான்கடி அகலத்தில் ஒரு திண்டு மட்டுமே இருக்கும். அதில் பரிசளிப்பு நடத்தினால் யாராவது ஒருவர் பின்வாங்கித் திரையில் சாய்ந்துவிடுவார். திரை கிழிந்தால் அதை ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். எனவே ஃபிளெக்ஸ் பேனரைத் திரைச் சட்டத்தில் கட்டக் கூடாது, குத்துவிளக்கைத் திரைக்கு அருகில் ஏற்றக் கூடாது. குத்துவிளக்கை நுழைவாயில் கூடத்தில் ஏற்றிவிட்டு உள்ளே போவதுதான் எல்லா வகையிலும் நல்லது. அந்தக் கூடத்தின் பழைய மொசைக் தரையில் அது அழகாகவும் இருக்கும்.

மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்துவிடக் கூடாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே இரண்டுமே பெய்கின்றன. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ உள்ள அரங்கில் பேச்சு காதில் விழாது. பொய்க்கூரை போட்டிருந்தாலும் பெருமழையின் இரைச்சலை அது முழுவதும் தடுப்பதில்லை. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் கூட்டம் வைப்பவர்களுக்குப் பழைய அரங்கு ஏற்றது. அக்டோபரில் வைப்பவர்களுக்குக் கான்கிரீட் கூரையே ஏற்றது. ஏசியையும் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பழைய குளிர்சாதன அமைப்பு பெரிய அரங்கைக் குளிர்விக்க நேரம் எடுத்துக்கொள்ளும். 9 மணிக் கூட்டத்துக்கு எத்தனை மணிக்கு அதை இயக்குவார்கள், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, விளக்கு மட்டும்தானா, டீசலுக்குத் தனிக் கட்டணமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்வதில்லை. தில்லி உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13-ஆம் நாள் தீயில் 59 பேர் இறந்ததற்கு, வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தது முக்கியமான காரணம். பழைய அரங்கைப் பார்க்கப் போகும்போது பக்கவாட்டுக் கதவுகள் ஒவ்வொன்றையும் என் கையாலேயே தள்ளிப் பார்த்தேன். வெளிப்புறமாகத் திறக்கின்றனவா, பூட்டுத் தொங்குகிறதா, கதவுக்கு வெளியே யாராவது இருசக்கர வாகனத்தை நிறுத்தி வழியை மறித்திருக்கிறார்களா என்று பார்த்தேன். ஒரு கதவில் பூட்டு இருந்தது. கூட்ட நாளில் எல்லாப் பூட்டுகளையும் கழற்றி மேலாளர் அறையில் வைக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக எழுதினோம். திரையரங்கு உரிமம் நடப்பில் உள்ளதா, படக்காட்சி அல்லாத நிகழ்ச்சியை அங்கே நடத்த வேறு அனுமதி வேண்டுமா என்பதை உரிமையாளரிடமிருந்து எழுத்தில் பெறுவதும் அவசியம். முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் படியேறாமல் எந்த வரிசை வரை போக முடியும் என்பதையும், பெண்களுக்கான கழிப்பறைகள் எத்தனை, தண்ணீர் வருகிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் பழைய அரங்குகள் பெரும்பாலும் பின்தங்கியே இருக்கின்றன. ஓட்டலுக்கு இதில் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

உணவில் திரையரங்கு தோற்றுவிடுகிறது. அங்கே சமையல் கூடம் இல்லை, பந்தி போட இடம் இல்லை. கேன்டீன் பெரும்பாலும் வேறொருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். வெளியிலிருந்து சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்தால்கூட அவர் தடுக்கலாம், தடுக்க அவருக்கு உரிமையும் இருக்கலாம். எங்கள் நிகழ்ச்சியில் இடைவேளைச் சாயாவையும் ரசவடையையும் அவரிடமே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டோம். அவருக்கும் நிறைவு, எங்களுக்கும் தொல்லை இல்லை.

கன்னியாகுமரி ஓட்டலின் நிறைகள் வெளிப்படையானவை. வட்ட மேசைகள், பிரிந்து பேசச் சிறிய அறைகள், தங்குமிடம், உணவு, எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஒரே மேலாளர். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் அதிகாரிகள் வந்து இரண்டு நாள் தங்கிப் பேசும் கூட்டத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் விளவங்கோடு, கிள்ளியூர் வட்டத்துக் கடைக்காரர் ஒருவர் நாகர்கோவிலையும் தாண்டி மேலும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். அவருடைய கடை அன்று முழுவதும் மூடிக் கிடக்கும். கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்குச் சென்று திரும்பும் பக்தர்களால் ஊர் நிறைந்திருக்கும். அறை வாடகையும் உயரும், வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டத்தைத் தொடர நினைத்தால், சூரியன் மறைவதைப் பார்க்கப் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். கடலுக்கு அழைத்துச் சென்றுவிட்டுக் கடலைப் பார்க்காதே என்று சொல்வது நியாயமும் அன்று.

கல்யாண மண்டபம் உணவுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் பிறந்தது. தவசுப்பிள்ளை என்று நம் பக்கம் அழைக்கும் சமையற்காரர் ஒருவரிடம் முந்நூறு இலைக்குச் சொல்லிவிட்டால் பருப்பு, அவியல், எரிசேரி, புளிசேரி, அடைப்பிரதமன் வரை அனைத்தும் குறித்த நேரத்தில் பந்திக்கு வந்துவிடும். இதில் வேறு எந்த இடமும் போட்டியிட முடியாது. நாற்காலிகளை விரும்பியபடி வட்டமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் கலந்துரையாடலுக்கும் ஏற்றது. குறை என்னவென்றால் எதிரொலியும் வெளிச்சமும். மேலும் ஆவணி, தை மாத முகூர்த்த நாள்களில் மண்டபம் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும், கிறிஸ்தவத் திருமணங்கள் குறைந்திருக்கும் தவக்காலத்திலும் எளிதாகக் கிடைக்கும்; வாடகையிலும் பேசிப் பார்க்கலாம். கல்லூரி, ஆலய அரங்குகள் வாடகை குறைந்தவை, நன்கு பராமரிக்கப்படுபவை. தேர்வுக் காலத்தில் அவை கிடைப்பதில்லை என்பதும், வணிக விளம்பரத்துக்குச் சில நிர்வாகங்கள் இடம் தருவதில்லை என்பதும் தவிர எனக்கு அவற்றின்மேல் குறையில்லை.

எந்த இடமானாலும் நாளைக் குறிக்கும்முன் உள்ளூர் விழாக்களைப் பார்த்துவிட வேண்டும். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காடு மாசிக் கொடை ஆகியவற்றின் முக்கிய நாள்களில் சாலையும் மாறும், வருகையும் குறையும்.

சட்டம் தொடர்பாக இரண்டு செய்திகள் பலருக்குத் தெரிவதில்லை. அவை இடத்தேர்வையே மாற்றக்கூடியவை. நீங்கள் நடத்துவது நிறுவனச் சட்டம் 2013-இன்படி நடத்தும் ஆண்டுப் பொதுக்கூட்டமானால், 96-ஆம் பிரிவின்படி அதைத் தேசிய விடுமுறை அல்லாத ஒரு நாளில், காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில், பதிவு அலுவலகத்திலோ அது அமைந்துள்ள அதே நகரிலோ ஊரிலோ கூட்ட வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனமானால், உறுப்பினர் அனைவரும் முன்கூட்டியே இசைவு தந்தால் இந்தியாவில் எங்கும் கூட்டலாம். ஆகவே நாகர்கோவிலில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, நேரில் கூட்டும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கடலோர ஓட்டல் எளிதான தெரிவு அன்று. ஊருக்குள் இருக்கும் பழைய அரங்கு அந்த நிபந்தனையை இயல்பாகவே நிறைவு செய்கிறது. விற்பனையாளர் கூட்டத்துக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

மற்றொன்று வரி. அரங்கு வாடகைக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. வாடகை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய் வரி. அதில் மத்திய வரி 4,500, மாநில வரி 4,500. அசையாச் சொத்து தொடர்பான சேவைக்கு, சொத்து எங்கே இருக்கிறதோ அந்த மாநிலமே வழங்கும் இடமாகக் கொள்ளப்படும். எனவே திருவனந்தபுரத்தில் மட்டும் பதிவு பெற்ற நிறுவனம் நாகர்கோவிலில் அரங்கு எடுத்தால், தமிழ்நாட்டில் செலுத்திய அந்த வரியை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. நாகர்கோவில் நிறுவனம் திருவனந்தபுரத்தில் எடுத்தாலும் அதே நிலைதான். எல்லையோர மாவட்டத்தில் இது அடிக்கடி நேரும். உணவுக்குச் செலுத்தும் வரியையும் பொதுவாகக் கழிக்க இயலாது. ஆதலால் தலைக்கு இவ்வளவு என்று ஓட்டல் தரும் ஒரே தொகைப் பட்டியலில் அரங்கு வாடகையையும் உணவையும் பிரித்து எழுதித் தரக் கேட்பது நல்லது.

திரையரங்கு வாடகையைப் பேசும் முறையும் வேறு. உரிமையாளர் அந்த நேரத்தில் இழக்கும் காட்சியின் வசூலை மனத்தில் வைத்துத்தான் தொகை சொல்வார். வெள்ளிக்கிழமை புதுப்படம் வெளியாகும் நாள்; சனி, ஞாயிறு கூட்டம் வரும் நாள்கள். செவ்வாய், புதன், வியாழக்கிழமைகளின் காலை வேளையில் அரங்கு ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும். அந்த நேரத்தைக் கேட்டால் நியாயமான தொகைக்கு இசைவார். ஆனால் அந்தத் தொகையோடு ஓட்டலின் தொகையை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஒலியமைப்பு, ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, முன்பணம், வேறிடத்தில் உணவு, இரண்டு இடங்களுக்கிடையே வண்டி ஆகிய அனைத்தையும் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும். எங்கள் கணக்கில் எல்லாம் சேர்த்தபோது திரையரங்கும் மண்டபமும் சேர்ந்த செலவு, மண்டபம் மட்டும் எடுக்கும் செலவைவிட மிகுதியாகவும் ஓட்டல் செலவைவிடக் குறைவாகவும் வந்தது.

இங்கே என் சொந்த விருப்பத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒற்றைத் திரையரங்குகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வணிக வளாகங்களாக மாறிவருகின்றன. காலை வேளைகளில் மாதம் இரண்டு மூன்று கூட்டங்கள் நடந்தால், அந்த வருமானம் ஒரு பழைய அரங்கின் கூரையைப் பழுதுபார்க்கவும் கழிப்பறையைச் சீரமைக்கவும் உதவும். செலவு ஓரளவு நிகராக இருக்கும்போது, நம் பணம் இந்தக் கட்டடத்துக்குப் போவதையே நான் விரும்புகிறேன். செலவு இரு மடங்காக இருந்திருந்தால் இவ்வாறு பரிந்துரைத்திருக்க மாட்டேன்; பிறர் பணத்தில் என் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்வது முறையன்று.

நான் பரிந்துரைத்ததும் குழு ஏற்றுக்கொண்டதும் இதுதான்: பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை 8 மணி முதல் 12.30 வரை திரையரங்கு. அங்கே அறிக்கை, படம், பரிசளிப்பு. பின்பு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த மண்டபத்தில் மதிய உணவும் வட்டவாரியான கலந்துரையாடலும். கலந்துரையாடலே முதன்மையாக இருந்திருந்தால் மண்டபம் ஒன்றே போதும் என்று எழுதியிருப்பேன். வெளியூர் விருந்தினர் மிகுதியாக இருந்திருந்தால் ஓட்டலை எழுதியிருப்பேன். நவம்பர் மாதமாக இருந்திருந்தால் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன். உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தில் நேரம், பூட்டு, ஏசி தொடங்கும் நேரம், முந்தைய நாள் ஒலி, ஒளிச் சோதனைக்கு இரண்டு மணி நேரம், ஆபரேட்டர் கேபினில் இருக்க வேண்டிய நேரம், கேன்டீன் ஏற்பாடு, சேதத்துக்கான பொறுப்பு, படம் திடீரென மாறினாலும் எங்கள் நேரம் மாறக் கூடாது என்னும் உறுதி ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

அன்று பரிசளிப்பு திட்டமிட்டதைவிட இருபது நிமிடம் நீண்டது, ஏனென்றால் மேடையேறிய ஒவ்வொருவரும் திரும்பி அரங்கை ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்டே இறங்கினார்கள். அந்த இருபது நிமிடத்தை நான் நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கியிருக்கவில்லை. அடுத்த முறை ஒதுக்குவேன். எங்கள் பேனரை இறக்கிச் சுருட்டியபோது மணி 12.50, வாசலில் மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.